ராஜ்மாச்சி: கொங்கண் எல்லைக் கோட்டையடியில் ஒரு ராத்தங்கல்

மும்பையிலிருந்து புனே வழியாக ஊருக்குப் போகும் ரயிலில், பகல் வெளிச்சம் இருக்கும்போது போர்காட் மலைப்பாதை ஏறியவர்கள் பலரும் ராஜ்மாச்சியைப் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமலே. கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளும் இஞ்சின்களை மாட்டி, 37 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் ரயில் முக்கி முனகி ஏறும்போது, இடப்பக்க ஜன்னலில் ஆழமான பள்ளத்தாக்கு திறக்கும். அதற்கு அக்கரையில் ஒட்டகத் திமில் மாதிரி இரண்டு முகடுகள் தெரியும். உயரமானது ஸ்ரீவர்தன், 914 மீட்டர். பக்கத்தில் கொஞ்சம் குள்ளமாக நிற்பது மனரஞ்சன், 833 மீட்டர். இரண்டும் சேர்ந்ததுதான் ராஜ்மாச்சி கோட்டை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் உதேவாடி என்ற சின்னக் கிராமத்தில்தான் டென்ட் போட்டுத் தங்குகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இடத்துக்கு முழு மதிப்பெண். கிராமத்து வீடுகளின் சாப்பாட்டுக்கும் உபசரிப்புக்கும் தாராளமாகவே போடலாம். ‘கேம்பிங் பேக்கேஜ்’ என்று இணையத்தில் விற்கப்படும் சமாசாரத்துக்குப் பாதிதான், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். மழைக்காலத்தில் டென்டுக்குக் காசு கொடுப்பது ஏமாறுவது. ஏன் என்று கீழே விரிவாக இருக்கிறது.

போகும் வழிதான் பாதி அனுபவம், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். வழி இரண்டு. லோனாவலாவிலிருந்து துங்கார்லி பக்கமாகப் போகும் பாதை சுமார் 15 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் கிடையாது, பெரும்பகுதி மண்ணும் கல்லுமான வண்டித்தடம். நடந்தால் நான்கு ஐந்து மணி நேரம். உலர்ந்த மாதங்களில் ஜீப் போகும், ஆனால் நிலையத்தில் இறங்கினால் வரிசையில் நிற்கும் ஷேர் ஜீப் என்று எதுவும் இல்லை. தங்கப் போகும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சொந்தக் காரில் போவதானால் தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டியாக இருக்கட்டும். சின்னக் கார்களின் அடிவயிறு கல்லில் உரசும். மழையில் இந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டி ஓடைகள் ஓடும். பைக்கில் போகிறவர்கள் அதிகம் விழுவது அந்த ஓடைகளில் அல்ல, அவற்றைத் தாண்டியதும் வரும் செம்மண் சேற்றில்.

இரண்டாவது வழி கர்ஜத்திலிருந்து. மத்திய ரயில்வே லோக்கல் மும்பை சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நிலையத்திலிருந்து சரியாக 100 கிலோமீட்டர் ஓடி உங்களைக் கர்ஜத்தில் இறக்கிவிடும். மாடுங்கா, முலுண்ட், டோம்பிவிலி தமிழர்களுக்கு இதைவிட வசதி ஏது? கல்யாணில் பாதை இரண்டாகப் பிரிகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் கசாரா வண்டியில் ஏறினால் வேறு மலைக்குப் போய்விடுவீர்கள். கர்ஜத்திலிருந்து கொண்டிவடே கிராமம் வரை ஆட்டோ. அங்கிருந்து காலால்தான். கொண்டாணே குகைகள் வழியாக உதேவாடிக்கு மூன்று மணி நேரம், குழந்தைகள் இருந்தால் நான்கு. அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நிமிர்ந்து ஏற வேண்டும், கடைசி ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்.

முழங்கால் ஒத்துழைக்கிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு: கர்ஜத் பக்கம் ஏறி, லோனாவலா பக்கம் இறங்குங்கள். மாற்றிச் செய்யாதீர்கள். கர்ஜத் சரிவு கோடையில் உருளும் பொடிக்கல், மழையில் வழுக்கும் பாசி. இரண்டும் ஏறும்போது தொல்லை, இறங்கும்போது ஆபத்து. இன்னொரு காரணம், இந்தக் கோட்டையைக் கீழிருந்து வந்தால்தான் புரிந்துகொள்ள முடியும். லோனாவலாவிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினால் அது வெறும் குன்று. கொங்கண் தரையிலிருந்து வியர்வை வழிய ஏறி வந்தால்தான், யாரைத் தடுப்பதற்காக இங்கே கல் அடுக்கினார்கள் என்பது கால்களுக்குத் தெரியும்.

ராஜ்மாச்சி ஓர் எல்லைக் காவல் கோட்டை. மேற்கே கடலோரக் கொங்கண், கிழக்கே தக்காணப் பீடபூமி, நடுவில் சஹ்யாத்ரிச் சுவர். அந்தச் சுவரில் உள்ள கதவுகளில் ஒன்று போர்காட் கணவாய். கல்யாண், சோபாரா துறைமுகங்களில் இறங்கிய சரக்கு பொதிமாடுகளில் ஏறி மேலே வந்த காலத்திலிருந்தே இந்தக் கதவுக்கு மவுசு. ஏறும் வழியில் வரும் கொண்டாணே குகைகளே அதற்குச் சாட்சி. பொது ஆண்டுக்கு முன் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தக் குகைகள், மொத்தம் 16. வணிகப் பாதை இல்லாத காட்டில் பிட்சுக்களுக்கு யார் சோறு போட்டிருப்பார்கள்? சைத்தியம் எனும் வழிபாட்டுக் குகையின் முகப்பருகே ஒரு யட்சன் சிலையின் தலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் பக்கத்தில் பிராமி எழுத்தில் ஒரு வரி: கண்ஹனின் மாணவன் பாலகன் செய்தது. இந்தப் பக்கத்துக் குகைகளில் சிற்பி தன் பெயரை விட்டுப்போவது அபூர்வம். டென்ட் கும்பல்கள் இந்த வரியைப் பார்க்காமலே கடந்து போகின்றன. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் குகைகளின் முகப்பில் அருவி விழும், படம் எடுக்க அழகு. ஆனால் மேலிருந்து தண்ணீரோடு கல்லும் வரும் என்பதால் அதன் நேர் கீழே நிற்காதீர்கள்.

1657ல் சிவாஜி கல்யாணைப் பிடித்த கையோடு லோஹகட், விசாபூர், துங், திகோனா, ராஜ்மாச்சி என்று இந்த வட்டாரத்துக் கோட்டைகளையும் வாங்கிக்கொண்டார். 1713ல் சாஹு மகாராஜா இதைக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயிடம் கொடுத்தார். கடற்கரையை ஆண்டவருக்கு மலைமேல் ஒரு கோட்டை எதற்கு என்று கேட்டால், ஸ்ரீவர்தன் உச்சியில் நின்று மேற்கே பார்த்தால் விடை கிடைக்கும். 1730ல் முதலாம் பாஜிராவ் பேஷ்வாவிடம் வந்து, 1818ல் மற்ற கோட்டைகளோடு ஆங்கிலேயரிடம் போனது.

இடையில் நடந்த ஒன்றை மேலே உட்கார்ந்து அசைபோடலாம். 1778ன் கடைசியில் பம்பாயிலிருந்து கிளம்பிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இதே போர்காட் ஏறிப் புனேயைப் பிடிக்கப் போனது. மராத்தியர்கள் சுற்றி வளைத்துச் சோறு தண்ணீரை நிறுத்தியதில், 1779 ஜனவரியில் வட்காவில் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியது. 1781ல் கம்பெனியின் ஜெனரல் காடார்ட் மறுபடி கணவாய்க்கு வந்து, அவரும் ஏப்ரலில் பன்வேல் பக்கம் பின்வாங்கினார். இரண்டு முறையும் பிரச்சினை ஒன்றுதான்: ஏறிவிடலாம், ஏறிய பின் பின்னால் சாப்பாடு வர வேண்டுமே. மூன்று மணி நேரம் ஐந்து கிலோ பையைச் சுமந்து ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்மூர் ஆட்களுக்கு ஓர் ஒப்பீடு. செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று தனித்தனி மலைகளைச் சுவரால் ஒன்றாக்கிக் கட்டியிருப்பார்கள். இங்கே இரண்டு முகடுகள் மட்டும், நடுவில் ஒரு தாழ்வான தோள். அந்தத் தோளில் கால பைரவநாதர் கோயில். முகடுகளுக்குக் கீழே விரியும் மேட்டுச் சமவெளிக்குத்தான் மராத்தியில் ‘மாச்சி’ என்று பெயர். ஊர் அதன்மேல் இருக்கிறது. 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராத்தியக் கோட்டைகளில் நம் செஞ்சி இருக்கிறது, இங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் லோஹகட் இருக்கிறது. ராஜ்மாச்சி இல்லை. கூட்டம் பெருகாமல் இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது.

சரி, டென்டுக்கு வருவோம்.

உதேவாடியில் தங்குவதற்கு மூன்று விதம் உண்டு. கிராமத்து வீட்டின் கூடத்தில் பாய் போட்டுப் படுப்பது, வீட்டுக்காரர் தன் முற்றத்திலோ வயலிலோ போட்டுத்தரும் டென்ட், மும்பை, புனே ஏற்பாட்டாளர்கள் ஆள் சேர்த்துக் கூட்டிவரும் பேக்கேஜ். மூன்றாவதில் வருவது என்ன? சனிக்கிழமை மாலை பஜ்ஜி, டீ, இரவு சாப்பாடு, விறகு நெருப்பு, காலையில் போஹா (அவல் உப்புமா). சமையலைப் பெரும்பாலும் அதே கிராமத்து வீட்டில்தான் செய்கிறார்கள். நடுவில் ஒரு தரகு, கூடவே நள்ளிரவு வரை ஸ்பீக்கர். ராஜ்மாச்சிக்கு வந்து படப் பாட்டு கேட்க வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். பக்கத்து டென்டில் படுத்திருப்பவருக்கு அந்த விருப்பம் கிடையாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, அதில் தண்ணீர் குழாயில் வருமா, வாளியில் தூக்க வேண்டுமா? மழை வந்தால் எல்லோரையும் உள்ளே படுக்கவைக்க வீட்டுக் கூடம் உண்டா? லோனாவலாவிலிருந்து ஜீப் கட்டணம் சேர்ந்ததா, தனியா? ஸ்பீக்கரை எத்தனை மணிக்கு அணைப்பார்கள்? இதில் மழை பற்றிய கேள்விக்கு மழுப்பினால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

‘நான்கு பேர் டென்ட்’ என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 7 அடிக்கு 7 அடி. நான்கு பேர் மத்தி மீன் மாதிரி அடுக்கிப் படுக்கலாம், பைகளை வெளியே வைத்தால். இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, மூன்று பை என்பதுதான் நிஜக் கணக்கு. வந்ததும் டென்டுக்குள் நுழையும் முன் வெளியே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மேலே போர்த்தும் வெளித்துணி உள் டென்டைத் தொடாமல் ஒரு சாணாவது விலகி நிற்க வேண்டும். ஒட்டியிருந்தால் மழை பெய்யாமலே நனைவீர்கள். இரவில் நீங்கள் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து, துளியாகி, முகத்தில் சொட்டும். ‘டென்ட் ஒழுகுது’ என்று குளிர்காலத்தில் வரும் புகார்களில் பெரும்பாதி இதுதான். வெளித்துணியின் கயிறுகளை இழுத்துக் கட்டி, மேலே உள்ள வலை ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். குளிருது என்று ஜன்னலை மூடுகிறார்கள், பிறகு நனைந்து அதைவிடக் குளிருகிறது.

அடுத்து முளைகள். இந்த மண்ணுக்கு அடியில் சில அங்குலத்திலேயே கரும்பாறை. டென்டோடு வரும் ஊசி மாதிரியான அலுமினிய முளை பாதி இறங்கி வளைந்து நிற்கும், காற்றடித்தால் பிடுங்கிக்கொள்ளும். முளையை டென்டுக்கு வெளிப்பக்கம் சாய்த்து, அதாவது தலை வெளியே பார்க்க 45 பாகையில் அடிக்க வேண்டும். இறங்கவில்லையா, கயிற்றைத் தேங்காய் அளவுக் கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு பெரிய கல்லை வையுங்கள். கோட்டைச் சுவரிலிருந்து கல் எடுக்காதீர்கள். இது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், அதோடு அந்தக் கல் 300 வருடமாக அங்கே சும்மா இருக்கவில்லை.

தரை விரிப்பு டென்டின் அடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே மடித்துவிடுங்கள். நீட்டிய விளிம்பில் விழும் மழைநீர் விரிப்புக்கும் டென்டுக்கும் நடுவே வாய்க்கால் போல ஓடி உங்கள் முதுகுக்கு வரும். சரிவில் போட்டிருந்தால் தலை மேட்டுப்பக்கம். உள்ளே தரும் ஸ்பாஞ்சு மெத்தையை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் போன வாரத்து ஈரம் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். மாற்றிக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் மும்பைக்காரர்கள் போர்வையை மட்டும் கனமாக எடுத்துப் போய் ஏமாறுகிறார்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் உடம்பில் ஏறுகிறது. போர்வை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, அடியில் போட மடக்கு யோகா பாய் ஒன்று இருக்கட்டும். கோரைப்பாய் இருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கான பேச்சு. ஜூன் முதல் செப்டம்பர் வரை என்ன செய்தாலும் வாடகை டென்ட் தாக்குப்பிடிக்காது. தையல்களில் ஒட்டிய பட்டை வெயிலில் காய்ந்து உரிந்திருக்கும். காற்று மழையைக் கீழிருந்து மேலாகவும் அடிக்கும். அந்த மாதங்களில் வீட்டுக் கூடத்தில் படுங்கள். ஓட்டுக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கால் நீட்டுவதற்கு ஈடாக எந்த டென்டும் இல்லை. மார்ச், ஏப்ரலில் வெயில் பாறையைச் சுட வைத்திருக்கும், கிணறுகளில் தண்ணீர் இறங்கியிருக்கும். கிராமத்தாருக்கே தட்டுப்பாடான நேரத்தில் நாம் போய் இரண்டு வாளியில் குளிப்பது நியாயமில்லை.

மே கடைசியும் ஜூன் முதல் வாரங்களும் தனிக்கதை: மின்மினி. முதல் மழைத் தூறலை ஒட்டி மரம் மரமாக ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மினுக்கும். இதைப் பார்க்க வரும் கூட்டமே இதற்கு எமன். மினுக்குவது இணையைக் கூப்பிடும் சைகை. ஆண் பறந்தபடி மினுக்கும், பெண் புல்லிலும் தழையிலும் உட்கார்ந்து பதில் மினுக்கும். டார்ச் அடித்தால் அந்தப் பேச்சு அறுந்துபோகும், புல்லில் நடந்தால் பெண் பூச்சிகள் மிதிபடும். டார்ச்சின் முகத்தில் சிவப்பு ஜெலட்டின் காகிதத்தை இரண்டு மடிப்பாக ஒட்டி, தரையை மட்டும் பார்த்து அடித்து, பாதையைவிட்டு இறங்காமல் நில்லுங்கள். போன் ஃபிளாஷில் படம் எடுத்தால் மரம்தான் விழும், பூச்சி விழாது. சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் புதன் வியாழனில் போங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்கள் உத்தமம்.

கோட்டை பார்க்கும் வரிசை. மதியம் ஒரு மணிக்குள் ஊரை அடைந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, நான்கு மணிக்கு ஸ்ரீவர்தன். பைரவநாதர் கோயிலிலிருந்து பார்க்க ஏற்றம் பயமுறுத்தும். உண்மையில் அரை மணியிலிருந்து முக்கால் மணிதான். கோட்டை வாசலை நேராகத் தேடினால் கிடைக்காது. இரண்டு கொத்தளங்கள் முன்னால் நீண்டு அதை மறைத்திருக்கும், பாதை அவற்றுக்கு நடுவே திரும்பித்தான் உள்ளே போகும். கோமுகி அமைப்பு என்கிறார்கள். யானையோ மரத்தடியோ ஓடி வந்து கதவை இடிக்க முடியாது, திரும்பும் இடத்தில் மேலேயிருந்து கல்லும் அம்பும் விழும். கொத்தளத்தில் இரட்டைச் சுவர் இருப்பதையும் கவனியுங்கள்: வெளிச்சுவர் இடிந்தாலும் உள்சுவர் நிற்கும், நடுவே ஆள் ஒளிந்து நடக்க இடைவெளி. போர்க்கவசத்துக்கு மராத்தியில் சொல்லும் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். பாறையில் குடைந்த தானிய அறை, சுனைகள், உச்சியில் கொடிமரம்.

உச்சியிலிருந்து மேற்கே மாதேரான் முதுகு, பிரபல்கட், இர்ஷால்கட். தெற்கே பள்ளத்தாக்குக்கு அக்கரையில் நாகபணி என்ற பாறை முகடு, அதையொட்டி ஏறும் ரயில். கிழக்கே ஷிரோட்டா ஏரி, லோஹகட், விசாபூர். காலடியில் உல்லாஸ் நதி பிறக்கும் பள்ளம். டோம்பிவிலியிலும் கல்யாணிலும் குழாயில் வரும் தண்ணீருக்கு ஊற்றுக்கண் இங்கேதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோட்டை வரலாற்றைவிட அதில்தான் அவர்கள் வாய் பிளப்பார்கள். சூரியன் இறங்கியதும் நீங்களும் இறங்கிவிடுங்கள். ஆளுக்கொரு டார்ச் அவசியம், போன் வெளிச்சம் போதாது, ஒரு கை எப்போதும் பாறைக்கு வேண்டும். மேலேயே படுக்க ஆசைப்படாதீர்கள். காற்று டென்டைக் கிழிக்கும், குரங்குகள் பையைக் கிழிக்கும்.

மனரஞ்சனுக்குக் காலை வேளை. கூட்டம் குறைவு, கூரையிழந்த கச்சேரி (அலுவலக) கட்டடத்தின் வாசல் மட்டும் திடமாக நிற்கிறது, சுனைகள் நிறைய. ஒரு மணி நேரம் போதும். அதன்பின் ஊருக்குக் கீழே உதய்சாகர் ஏரியும், கரையில் கருங்கல் சிவன் கோயிலும். ஏரியில் நீந்த வேண்டாம், சேறு ஆளை இழுக்கும்.

சாப்பாடு இங்கே எதிர்பாராத நல்ல விஷயம். அரிசி மாவு ரொட்டியான பாக்ரி, கடலைமாவில் கிளறிய பிட்லா, பூண்டு மிளகாய் இடித்த தேச்சா, பட்டாணி உசல் (மசாலாக் கூட்டு), கோழி ரசா (குழம்பு). சோறு மாவல் வட்டாரத்து இந்திராயணி அரிசியாக இருந்தால் அதிர்ஷ்டம். கொஞ்சம் குழையும், வாசனை தூக்கும், ரசத்துக்கு அருமையாக இருக்கும், ரசம்தான் கிடையாது. சோற்றுக்கு வருவது வரண், அதாவது புளியோ காரமோ இல்லாத பருப்பு. பெரியவர்களுக்குச் சப்பென்று இருக்கும், அதனால் மாடுங்காவிலோ செம்பூரிலோ வாங்கிய பருப்புப் பொடி, ஒரு சின்னச் சீசாவில் நல்லெண்ணெய், ஊறுகாய். ஏறும் வழிக்குப் புளியோதரைதான் நாயகன். எலுமிச்சை சாதம் மதியத்துக்குள் முடிக்க வேண்டும். தயிர்சாதம் எடுத்தே தீர வேண்டும் என்றால் குழைத்த சோற்றில் பாலை ஊற்றி ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள், நடக்கும்போதே உறைந்துகொள்ளும். தேச்சாவைத் துவையல் என்று நினைத்து உருண்டையாக எடுக்காதீர்கள், நுனிவிரல் அளவு.

சமைத்துக்கொள்ளலாம் என்று சின்ன கேஸ் ஸ்டவ்வைப் பையில் வைக்கிறவர்களுக்கு: ரயிலில் எரிவாயு எடுத்துப்போவது குற்றம். விறகு நெருப்பும் ஜனவரிக்குப் பிறகு வேண்டாம். புல் காய்ந்து பஞ்சாக இருக்கும். ஒரு பொறி போதும், மாட்டுக்கு வைத்திருக்கும் வைக்கோல் போரும் சேர்ந்து போகும். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது கர்ஜத் ஏற்றத்துக்குத் தேவை, வழியில் நம்பகமான ஊற்று இல்லை. கோட்டைச் சுனைத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள். போன் சிக்னல் வரும் போகும். காலையில் ஷூவை உதறிவிட்டுக் கால் நுழைத்துக்கொள்ளுங்கள், தேளுக்கு அது நல்ல அறை. மருத்துவமனைக்கு லோனாவலாவோ கர்ஜத்தோதான் போக வேண்டும், ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு நாள் கூடுதலாகவே இருக்கட்டும்.

திரும்பும் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். லோனாவலாவிலிருந்து ஓடும் லோக்கல் ரயில்கள் புனேக்குத்தான். மும்பைப் பக்கம் இறங்க எக்ஸ்பிரஸ் வேண்டும், ஞாயிறு மாலை அவற்றின் பொதுப்பெட்டியில் பையை இறக்கிவைக்கக்கூட இடமிருக்காது. போகும் தேதி முடிவானதுமே திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். கர்ஜத் வழியே இறங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லோனாவலா சிக்கி வாங்காமல் வந்தால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், வாங்குங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு அது ஈடில்லை. கர்ஜத் நிலையத்து உருளைக்கிழங்கு வடை அப்படியல்ல. ரயில் வந்து நின்றதும் ஜன்னல் வழியே கையை நீட்டினால் சூடாகக் கிடைக்கும், சில்லறையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.